யாழ்ப்பாணத்து வெக்கையில் பேக்கிங் சொக்லேட்டைக் கெடாமல் வைத்திருக்க

பேக்கிங் சொக்லேட் பக்கற்றின் பின்பக்கத்தில் எந்தக் கம்பனியும் ஏறத்தாழ ஒரே வரியைத்தான் அச்சடிக்கிறது: குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும். சித்திரை மாதத்து யாழ்ப்பாணத்தில் அப்படி ஓர் இடத்தை எங்கே தேடுவது? பிரிட்ஜ் குளிரும், ஆனால் அதற்குள் ஈரம். அலுமாரி ஓரளவு உலர்ந்தது, ஆனால் மத்தியானம் கை வைத்தால் சுடும். என்னிடம் கேக் பழக வருகிறவர்கள் முதலில் சறுக்குவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

சொக்லேட்டைப் பிரிட்ஜில் வைக்கவே கூடாது என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வார்கள். 18 பாகையில் குசினி இருக்கிற ஊருக்கு அது சரி. இங்கே வருடத்தில் முக்கால்வாசி நாள் பிரிட்ஜ் இல்லாமல் முடியாது. ஆகவே எப்படி உள்ளே வைப்பது, அதைவிட முக்கியமாக எப்படி வெளியே எடுப்பது என்பதைத்தான் பழக வேண்டும். கீழே உள்ள ஒழுங்கிலேயே செய்யுங்கள். ஒரு படியைத் தள்ளிப்போட்டால் அதன் பலன் இரண்டு மாதம் கழித்து, உருக்குகிற நேரத்தில்தான் தெரியவரும்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி இரண்டு, சிப் பைகள், அலுமினியத் தாள், செலோரேப், அழியாத மாக்கர் பேனை, தராசு. இவற்றோடு அறையின் வெப்பநிலையையும் ஈரப்பதனையும் காட்டுகிற சின்ன மீற்றர் ஒன்று. பெரிய விலை இல்லை.

மீற்றர் ஏன் என்றால், எது குளிர்ந்த மூலை என்று உடம்பால் கணிப்பது பெரும்பாலும் பிழைக்கும். என் வீட்டில் சாமியறைதான் குளிர்ச்சி என்று பல வருடம் நம்பியிருந்தேன். மீற்றரை வைத்துப் பார்த்தபோது, விளக்கு எரிகிற நேரத்தில் அங்கே 32 பாகை. படிக்கட்டுக்குக் கீழே யாரும் திரும்பிப் பார்க்காத அலுமாரியில் 29.

பெட்டி நல்லதா என்று பார்க்க, பாதிக்குத் தண்ணீர் ஊற்றி மூடிக் கவிழ்த்துப் பிடியுங்கள். தண்ணீர் ஒழுகினால் காற்றும் ஒழுகும். ஐஸ்கிரீம் வாங்கிய வெறும் பெட்டிகள் இந்தச் சோதனையில் தேறுவது அருமை. ஊறுகாய், கறித்தூள், கருவாடு வைத்திருந்த பெட்டியை எவ்வளவு கழுவினாலும் எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் வாசனையைப் பிடித்து வைத்திருக்கும், சொக்லேட்டில் உள்ள கொழுப்பான கொக்கோ பட்டர் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

2. கையில் இருப்பது எந்த வகை என்று பார்க்கவும்

பக்கற்றில் உள்ள சேர்பொருள் பட்டியலை வாசியுங்கள். எது நிறையக் கூட இருக்கிறதோ அதுதான் பட்டியலில் முதலில் வரும். கொக்கோ பட்டர் என்று இருந்தால் அது அசல் சொக்லேட். அதற்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு, பாம் விதை எண்ணெய் என்று இருந்தால் கொம்பவுண்ட். மலிவான 1 கிலோ கட்டிகளில் பெரும்பாலானவை கொம்பவுண்ட்தான். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, இந்த வெக்கையில் கேக்குக்கு மேலே ஊற்றுவதற்கு அது வசதியானது. ஆனால் இரண்டும் ஒரே காலம் தாங்காது, ஒரே வெப்பத்தில் இளகாது.

சீனி சேராததும், கறுப்புச் சொக்லேட்டும் உற்பத்தித் திகதியிலிருந்து ஏறத்தாழ 2 வருடம் தாங்கும். பால் சொக்லேட் 1 வருடம். வெள்ளைச் சொக்லேட் அதற்கும் குறைவு. கொம்பவுண்ட் ஒன்று, ஒன்றரை வருடம். கொக்கோத் தூள் திறக்காமல் இருந்தால் 2 வருடத்துக்கு மேலும் போகும்.

வித்தியாசம் பாலில் இருந்து வருகிறது. பால் கொழுப்பு நாளாக நாளாகக் காறும். கொக்கோவில் இயற்கையாகவே உள்ள சில சேர்மங்கள் அந்தக் காறலைத் தள்ளிப்போடும், அதனால் கறுப்புக்கு ஆயுள் கூட. வெள்ளைச் சொக்லேட்டில் கொக்கோ பட்டர் மட்டும் இருக்கிறது, அந்தக் கறுப்புப் பகுதி இல்லை. வெளிச்சம் பட்டாலும் அது சீக்கிரம் மணம் மாறும். கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெயில் படும்படி அடுக்கிய வெள்ளைக் கட்டியை நான் கையால்கூடத் தொடுவதில்லை.

மேலே சொன்ன காலம் எல்லாம் 15 முதல் 20 பாகையில், 50 வீதத்துக்குக் கிட்டிய ஈரப்பதனில் வைத்தால்தான். திறந்து, நன்றாகப் பொதிசெய்து, பிரிட்ஜில் வைத்ததற்கு நான் வைத்திருக்கிற கணக்கு இதைவிட இறுக்கமானது: கறுப்பு 8 மாதம், பால் 4 மாதம், வெள்ளை 3 மாதம். கஜு, பாதாம் சேர்ந்தது என்றால் 2 மாதத்துக்குள் முடித்துவிடுவேன், ஏனென்றால் பருப்பின் எண்ணெய் எல்லாவற்றுக்கும் முந்திக் காறும்.

3. திகதியைச் சரியாக வாசிக்கவும்

கடையில் வாங்கியதில் பிரச்சினை குறைவு. சிக்கல் சூட்கேசில் வந்ததில். கனடா, அமெரிக்கா, லண்டன், சுவிஸ் என்று நாலு திசையிலிருந்தும் வருகிற உறவுகள் கொண்டுவரும் பக்கற்றுகளில் திகதி எழுதுகிற முறை ஒன்றுபோல இருக்காது.

அமெரிக்காவில் மாதம் முதலில் வரும், நாள் அடுத்தது. 03/08 என்றால் அங்கே மார்ச் 8. நாங்கள் ஆவணி பிறக்கும்வரை நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இருப்போம். கனடாவில் வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் வரும், மாதத்துக்கு இரண்டு ஆங்கில எழுத்து போடுவார்கள். அதில் 'எம்ஏ' என்றால் மே மாதம், மார்ச் அல்ல. மார்ச்சுக்கு 'எம்ஆர்'. ஏப்ரலுக்கு 'ஏஎல்', ஜூனுக்கு 'ஜேஎன்', ஜூலைக்கு 'ஜேஎல்'. ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் பொதுவாக வரவேண்டும் என்பதால் இப்படி.

அப்புறம், 'பெஸ்ட் பிஃபோர்' என்பது சுவையும் தரமும் உச்சத்தில் இருக்கும் காலத்தைச் சொல்கிறது. அந்தத் திகதி தாண்டிய மறுநாள் கறுப்புச் சொக்லேட் நஞ்சாகிவிடாது. நன்றாக வைத்திருந்தால் சில மாதம் தாண்டியும் கேக்குக்குப் போடலாம். பாலும் வெள்ளையும் என்றால் நான் அந்தச் சலுகையைக் கொடுப்பதில்லை. உங்களிடம் காசு வாங்கிக்கொண்டு கேக் எடுக்கிறவர்களுக்கு என்றால் எந்த வகையானாலும் திகதி தாண்டியதைப் போடவே வேண்டாம்.

4. வாங்குவதும் வீட்டுக்குக் கொண்டுவருவதும்

கடையில் கட்டியை எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். ஓரங்கள் கூராக, சதுரமாக இருக்க வேண்டும். ஓரம் உருண்டு, ஒரு பக்கம் தடித்து இருந்தால் அது எங்கேயோ ஒரு தடவை உருகி மறுபடி இறுகியிருக்கிறது. சிப்ஸ் என்றால் பக்கற்றைக் குலுக்கிப் பாருங்கள். மணிமணியாகச் சத்தம் கேட்க வேண்டும். ஒரே கட்டியாக நகர்ந்தால் வைத்துவிட்டு வாருங்கள். கிழிந்ததையும், பின்னேரம் தட்டோடு வெயில் விழுகிற ராக்கையில் இருப்பதையும் விட்டுவிடுங்கள்.

சந்தைக்குப் போகிற நாளில் சொக்லேட்டைக் கடைசியாக வாங்குங்கள். முதலில் வாங்கி, ஸ்கூட்டி சீற்றுக்குக் கீழே போட்டுவிட்டு மரக்கறியும் மீனும் பார்த்துத் திரிந்தால் வீட்டுக்குப் போத்தலில்தான் ஊற்ற வேண்டும். கொக்கோ பட்டர் 34 பாகைக்குக் கிட்ட முழுதாக உருகும், 28 தாண்டும்போதே இளகத் தொடங்கிவிடும். நிறுத்தி வைத்த ஸ்கூட்டிக்குள் அதைவிட எவ்வளவோ கூடப் போகும்.

கொழும்பில் வாங்கி வருவதானால் இரவு பஸ். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பாதை, பகலில் வந்தால் வவுனியா தாண்டுவதற்குள் இளகிவிடும். பஸ்ஸின் கீழ்ப் பெட்டியில் போடாமல் கையோடு வைத்திருங்கள். ரெஜிபோம் பெட்டி இருந்தால் நல்லது. உள்ளே ஐஸ் போத்தல் வைப்பதானால் அதைத் துவாயில் சுற்றி, சொக்லேட்டைச் சிப் பையில் போட்டு, இரண்டும் நேரே முட்டாமல் வையுங்கள். ஐஸ் போத்தல் வேர்க்கும், அந்தத் தண்ணீர்தான் எதிரி.

5. வீட்டுக்கு வந்த முதல் ஒரு மணித்தியாலம்

இளகிய நிலையில் வந்தால் நேரே பிரிட்ஜுக்குள் தள்ளாதீர்கள். இதில்தான் அனேகமானோர் அவசரப்படுகிறார்கள். கொக்கோ பட்டர் இறுகும்போது ஆறு விதமான பளிங்கு வடிவங்களில் இறுகக்கூடியது. அவற்றில் ஒன்றுதான் பளபளப்பையும் உடைக்கும்போது 'டக்' என்ற சத்தத்தையும் தரும். திடீரென்று 4 பாகைக்குப் போனால் மற்ற வடிவங்கள் கலந்து, சில நாளில் வெள்ளை படியும்.

விசிறிக்குக் கீழே, வீட்டின் குளிர்ந்த மூலையில், பக்கற்றைத் திறக்காமல் ஒரு மணித்தியாலம் விடுங்கள். ஏசி அறை இருந்தால் அங்கே. உறுதியான பிறகு அடுத்த படி. முற்றாக உருகி வந்திருந்தால், அதன் பளபளப்பு ஏற்கெனவே போய்விட்டது. கேக் கலவைக்கு என்று தனியாக எழுதி வைத்துவிடுங்கள்.

உறுதியான கட்டியை இப்போதே உடைத்துப் பங்கிடுங்கள். நீங்கள் ஒரு தடவைக்கு எவ்வளவு எடுப்பீர்களோ அவ்வளவு. எனக்கு 200 கிராம் சரியாக வரும். பிறகு தேவைப்படும்போது உடைக்கலாம் என்று 1 கிலோவையும் ஒரே பொதியாக வைத்தால், ஐந்து கேக்குக்கு ஐந்து தடவை மொத்தக் கட்டியும் வெளியே வந்து ஈரம் குடித்துவிட்டுப் போகும். கத்தியும் பலகையும் எலும்பாகக் காய்ந்திருக்கட்டும். வெங்காயம் வெட்டிய பலகையை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

6. பொதி கட்டும் ஒழுங்கு

முதலில் அலுமினியத் தாள், இறுக்கமாக, இடைவெளி விடாமல். இது வெளிச்சத்தையும் மணத்தையும் தடுக்கிறது. அடுத்தது சிப் பை, காற்றைக் கையால் அழுத்தி வெளியேற்றி மூட வேண்டும். பைக்குள் அடைபட்ட காற்றில் உள்ள ஈரம்தான் குளிர்ந்ததும் சொக்லேட்டின் மேல் படியும், ஆகவே காற்றுக் குறையக் குறைய நல்லது. கடைசியாகப் பெட்டி.

பையில் எழுத வேண்டியவை நான்கு: வகை, நிறை, திறந்த திகதி, முடிவுத் திகதி. பைக்கு மேல் எழுதுங்கள், ஒட்டுத்தாளில் வேண்டாம், அது பிரிட்ஜில் கழன்று விழும். பழைய பக்கற்றின் சேர்பொருள் பகுதியை வெட்டி உள்ளே போட்டுவிடுவது என் வழக்கம். கடலைக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளை ஒருவருக்குக் கேக் கேட்டு வந்தால் அப்போது தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அப்படியெல்லாம் மூன்று அடுக்கு தேவையா என்று கேட்பார்கள். ஒரு வைகாசியில் அலுமினியத் தாள் மட்டும் சுற்றி, கொம்பவுண்ட் என்றுகூடப் பாராமல் கீழ்த்தட்டில் வைத்தேன். அதற்கு மேல்தட்டில் அரைவாசி பலாப்பழம் இரண்டு நாள் இருந்தது. பிறந்தநாள் கேக்கை வாயில் வைத்த மாமி, 'பலாப்பழம் போட்டனீயோ பிள்ளை, நல்லாத்தான் இருக்கு' என்றா. நான் ஒன்றும் சொல்லவில்லை.

7. எங்கே வைப்பது

மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று அடிக்கும்போது இரவில் 22, 23 பாகைவரை இறங்கும். அந்த இரண்டு மாதமும் கறுப்புச் சொக்லேட்டையும் கொம்பவுண்டையும் பொதியோடு அலுமாரியில் சில கிழமை வைத்திருக்கலாம். வெளிச்சுவரை ஒட்டாத, நிலத்துக்குக் கிட்டிய தட்டு. குசினி வேண்டாம்: அடுப்புச் சூடும் கறி ஆவியும் ஒன்றாக ஏறும். தகரம், சீற் போட்ட கூரைக்குக் கீழே உள்ள மேல்மாடி அறையும் வேண்டாம். அரிசி மூட்டைக்குக் கிட்டவும் வேண்டாம், அரிசியில் பறக்கிற அந்துப்பூச்சிக்குச் சொக்லேட் இன்னும் பிடிக்கும். இரும்பு அலுமாரி பகலில் சூடேறிவிடும், மர அலுமாரி மேல்.

மாசி பிறந்ததும் எல்லாம் பிரிட்ஜுக்கு. காண்டாவனம் முடிந்து சோளகம் எழும்பினாலும் வெக்கை தணியாது, மாரி வரும்வரை அங்கேயே இருக்கட்டும். மாரியில் வெக்கை குறைந்தாலும் காற்றில் ஈரம் கூட, ஆகவே பெட்டியைத் திறந்துபோட்டு வைக்கிற பழக்கம் அப்போதும் ஆகாது.

பிரிட்ஜில் நடுத்தட்டு அல்லது அதற்குக் கீழ்த்தட்டு, பின்சுவரில் முட்டாமல். கதவில் வைக்க வேண்டாம். தண்ணீர்ப் போத்தல் எடுக்கிற ஒவ்வொரு தடவையும் கதவுத் தட்டு வெளிக்காற்றுக்கு வருகிறது, ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை சூடும் குளிரும் மாறினால் கொழுப்பு மேலே வந்து வெள்ளையாகப் பூக்கும். நிலையாக 27 பாகையில் இருந்த கட்டி, ஏறி இறங்கிக்கொண்டிருந்த கட்டியைவிட நல்ல நிலையில் இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

மண்பானைக்குள் அல்லது ஈர மணலில் வைத்தால் குளிரும் என்று ஒரு யோசனை ஊருக்குள் சுற்றுகிறது. தண்ணீருக்கு அது நல்லது. பானை குளிர்வதே தண்ணீர் ஆவியாவதால்தான். சுற்றிவர ஏற்கெனவே ஈரமான காற்று இருக்கிற இடத்தில் ஆவியாவதும் மெல்ல, குளிர்வதும் சில பாகைதான். கிடைப்பது முழு ஈரம், பாதிக் குளிர்.

இரண்டாம் படியில் சொன்ன பிரிட்ஜ் கணக்குக்கு மேல் வைக்க வேண்டும் என்றால் பிரீசர். நேரே போடாமல் ஒரு நாள் பிரிட்ஜில் விட்டு, பிறகு பிரீசருக்கு மாற்றுங்கள். படிப்படியாகக் குளிர்ந்தால் கட்டி வெடிக்காது.

8. வெளியே எடுப்பது

இந்தப் பகுதி ஒன்றையாவது இரண்டு தடவை வாசியுங்கள்.

குளிர்ந்த சோடாப் போத்தலை மேசையில் வைத்தால் வேர்க்கும் அல்லவா, சொக்லேட்டும் அதே மாதிரித்தான். அறை 30 பாகை, ஈரப்பதன் 75 வீதம் என்றால், 25 பாகையைவிடக் குளிர்ந்த எந்தப் பொருளிலும் தண்ணீர் படியும். இது யாழ்ப்பாணத்தில் சாதாரண நாள். பிரிட்ஜிலிருந்து வருகிற கட்டி 4 பாகை. ஏசி அறையிலிருந்து வருவதும் 22, 23 பாகைதான், அதுவும் வேர்க்கும். ஏசி அறையில் வைத்தேன், ஒன்றும் ஆகாது என்று நேரே குசினிக்குக் கொண்டுவந்து திறக்கிறவர்களுக்கு இது புரிவதில்லை.

போன ஆனியில் பழக வந்த தங்கச்சி ஒருவர் பொதியைப் பிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு தாளை விரித்தா. கட்டி கறுப்பாகப் பளபளத்தது. நான் அடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் அதன் மேல் பனி படர்ந்து, முதலில் விரல் தடம் பதியும் அளவுக்கு மங்கலாகி, பிறகு ஊசிமுனை ஊசிமுனையாகத் துளிகள் சேர்ந்து, ஓரத்தில் ஒன்று உருண்டு தாளில் விழுந்தது. 'அக்கா, தண்ணி பூத்திட்டுது, துடைச்சுப்போட்டு உருக்கட்டோ?' துடைத்து உருக்கினோம், அவவே பார்க்கட்டும் என்று. இரண்டு நிமிடத்தில் பாத்திரத்துக்குள் இருந்தது புட்டுக்குக் குழைத்த மா மாதிரி உதிரி உதிரியாக நின்றது.

சொக்லேட்டில் தண்ணீரே இல்லை என்று சொல்லலாம். சீனியும் கொக்கோத் துகளும் கொழுப்புக்குள் மிதக்கின்றன. அதற்குள் கொஞ்சத் தண்ணீர் போனால் சீனித்துகள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அரைத் தேக்கரண்டி போதும்.

ஆகவே செய்ய வேண்டியது: பெட்டியைத் திறக்காமல் மேசையில் வையுங்கள். தண்ணீர் பெட்டிக்கு வெளியே படியட்டும், அதுதான் பெட்டியின் வேலை. 200 கிராம் பொதிகள் என்றால் இரண்டு மணித்தியாலம், 1 கிலோ கட்டி என்றால் நாலைந்து மணித்தியாலம். மணிக்கூட்டைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. பெட்டியின் வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். மறுபடி மங்கினால் உள்ளே இன்னும் குளிர். மங்காவிட்டால் உள்ளிருக்கும் பையை எடுத்து அதையும் இதேபோலத் துடைத்துப் பாருங்கள், பிறகு பிரியுங்கள்.

ஒரு பொதி மட்டும் தேவை என்றால் பெட்டியைப் பிரிட்ஜுக்கு முன்னாலேயே திறந்து, ஒரு பையை எடுத்து, உடனே மூடி உள்ளே தள்ளுங்கள். பை மூடியபடியே வெளியே ஆறட்டும். பிரீசரில் இருந்தது என்றால் முதல் நாள் காலை பிரிட்ஜுக்கு மாற்றி, அடுத்த நாள் வெளியே. காலையில் கேக் போட இருக்கிறவர்கள் இரவு படுக்கும் முன் எடுத்து வைத்தால் இந்தக் கணக்கு ஒன்றும் தேவையில்லை.

9. வெள்ளையாகப் படிந்திருந்தால்

பூஞ்சணம் என்று பயந்து எறிகிறவர்களும் இருக்கிறார்கள், எல்லாம் ஒன்றுதான் என்று போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு விதமான வெள்ளை உண்டு. விரலால் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். வழவழப்பாக, கைச்சூட்டுக்கு மறைந்தால் அது கொழுப்பு. வெப்பம் ஏறி இறங்கியதன் அடையாளம். கரகரப்பாக, தேய்த்தாலும் போகாமல் இருந்தால் சீனி. ஈரம் பட்டுச் சீனி கரைந்து, தண்ணீர் காய்ந்த பிறகு மேலே பளிங்காக நின்றுவிட்டது.

இரண்டும் உடம்புக்குக் கெடுதல் இல்லை. கொழுப்புப் பூத்ததை உருக்கி எதற்கும் எடுக்கலாம், ஆனால் அச்சில் ஊற்றுவதற்கும் மேலே பூசுவதற்கும் என்றால் 45 முதல் 50 பாகைவரை முழுக்க உருக்கி, மறுபடி ரெம்பர் செய்ய வேண்டும், அதாவது அளவாக ஆறவிட்டுக் கிளறி, பளபளப்பாக இறுகும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். சீனி பூத்ததைப் பிரவுணி, கேக், பால் சேர்த்த சோஸ் ஆகியவற்றுக்கு மட்டும் வையுங்கள். பூசினால் நாக்கில் மணல் மாதிரி நெருடும்.

பூஞ்சணம் வேறு. பஞ்சு மாதிரி உயர்ந்து, பச்சை, சாம்பல் நிறத்தில், சூத்தை மணத்தோடு இருக்கும். உலர்ந்த சொக்லேட்டில் அது வளராது, எங்கேயோ தண்ணீர் தங்கியிருக்கிறது. சுரண்டிவிட்டு எடுக்க வேண்டாம்.

10. எறிய வேண்டியவை

பூஞ்சணம் பிடித்தது. மெல்லிய நூல்கட்டும் தூளும் தெரிவது, அது அந்துப்பூச்சியின் புழு. எலி, கரப்பொத்தான் கடித்த பக்கற், கடித்த பக்கத்தை வெட்டிவிட்டாலும் கூடாது. பழைய தேங்காயெண்ணெய் அல்லது மெழுகுக்கட்டி மாதிரி மணக்கிற பால், வெள்ளைச் சொக்லேட். மணத்தில் சந்தேகம் என்றால் ஒரு துணுக்கை நாக்கில் உருகவிடுங்கள், காறல் கடைசியில் தொண்டையில் தெரியும்.

சொக்லேட் உலர்ந்தது, அதில் கிருமி வளராது என்று சொல்வார்கள். வளராது, உண்மை. ஆனால் சல்மொனெல்லா போன்றவை உள்ளே போய்விட்டால் சாகாமல் மாதக்கணக்கில் கிடக்கும், கொழுப்பு அதற்குப் போர்வை மாதிரி. உருக்குகிற 45 பாகை அதைக் கொல்லாது. கேக்குக்குள் வேகிறதற்கும், வேகாமல் மேலே ஊற்றுகிறதற்கும் இதனால்தான் நான் வித்தியாசம் பார்க்கிறேன். கிழிந்து வந்த பக்கற்றை வேகாத எதற்கும் எடுப்பதில்லை.

எறிகிறதை முற்றத்து நாய்க்குப் போடாதீர்கள். கொக்கோவில் உள்ள தியோபுரோமின் நாய்க்கு நஞ்சு, சொக்லேட் கட்டிகளில் சீனி சேராத பேக்கிங் சொக்லேட்டில்தான் அது ஆகக் கூட. இறுகக் கட்டி, மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

11. உருக்கிய மிச்சமும் கனாஷும்

உருக்கிய சொக்லேட் மிஞ்சினால், வேறு எதுவும் சேராமல் இருக்கும்வரை அது சொக்லேட்தான். எண்ணெய்த்தாளில் மெல்லியதாக ஊற்றி, இறுகியதும் உடைத்து, ஆறாம் படியில் சொன்னபடி பொதி கட்டுங்கள். பழையதோடு கலக்காதீர்கள், திகதி குழம்பிவிடும்.

இறுகி உதிரியாகிவிட்டதைக் காப்பாற்ற இன்னும் தண்ணீர் சேர்க்க வேண்டும். கேட்கப் புதினமாக இருக்கும், ஆனால் துகள்கள் முழுக்க நனைந்தால் மறுபடி ஓடும். 100 கிராமுக்கு இரண்டு மேசைக்கரண்டி சூடான பால் அல்லது தண்ணீர், கரண்டி கரண்டியாகச் சேர்த்துக் கிளறுங்கள். பூசுவதற்கு ஆகாது, சோஸாக ஊற்றலாம், பிரவுணிக்குப் போடலாம்.

சொக்லேட்டோடு கிறீம் கலந்து செய்கிற கனாஷ் வேறு சாதி. கிறீமோடு தண்ணீர் வந்துவிட்டது, கிருமி வளர இடமும் வந்துவிட்டது. அதைச் சொக்லேட் மாதிரி நினைத்து மேசையில் விடுவதுதான் நான் காணுகிற பிழைகளில் ஆபத்தானது. வெளியே 2 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், அறை 32 பாகையைத் தாண்டினால் 1 மணித்தியாலம். பிரிட்ஜில் நாலு நாள்.

12. மின்சாரம் நின்றால்

கதவைத் திறக்காதீர்கள். மூடியபடி இருந்தால் பிரிட்ஜ் ஏறத்தாழ 4 மணித்தியாலம் குளிர் காக்கும், நிரம்பிய பிரீசர் 2 நாள்வரை. கிறீம், பால், மீன் எல்லாம் அந்த நேரத்துக்குப் பிறகு கவலைப்பட வேண்டியவை. சொக்லேட்டுக்கு அந்தக் கவலை இல்லை, அது இளகும், அவ்வளவுதான். என்ன நடந்தது என்று பார்க்கப் பெட்டியைத் திறப்பதால்தான் அது கெடுகிறது. சூடேறிய பிரிட்ஜுக்குள் ஈரம் நிறைய இருக்கும், மின்சாரம் திரும்பிக் குளிரத் தொடங்கியதும் அது எங்காவது படியத்தானே வேண்டும்.

2022 பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலம்வரை மின்சாரம் இல்லாத நாட்கள் இருந்தன. அப்போது என்னிடம் மூன்று கிலோவுக்கு மேல் இருந்தது. பெட்டிகளை அப்படியே ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்து, மூடியைச் செலோரேப் போட்டு ஒட்டி, படிக்கட்டுக்குக் கீழே இருந்த அந்த அலுமாரியில் தள்ளிவிட்டேன். மூன்றாம் நாள் திறந்தபோது கறுப்பும் கொம்பவுண்டும் வைத்த மாதிரியே இருந்தன. வெள்ளைக் கட்டி ஒன்று மட்டும் பையின் மூலைக்கு இறங்கி முக்கோணமாக நின்றது. அதை அந்தக் கிழமையே கேக் கலவைக்குள் போட்டு முடித்தேன்.